பக்கெட் ஒரு மட்டம், ஸ்க்ரீன் ஒரு மட்டம்: எந்திர வழிகாட்டிக் கருவி தப்பாகக் காட்டினால் எங்கே தேடுவது

எக்ஸ்கவேட்டரோ டோசரோ கிரேடரோ, கேபினுக்குள் இருக்கும் வழிகாட்டிக் கருவியின் ஸ்க்ரீன் "மட்டம் வந்துவிட்டது" என்று பச்சை காட்டுகிறது. கீழே இறங்கி ஸ்டாஃப் (சர்வே அளவுகோல்) வைத்துப் பார்த்தால் 5 செ.மீ. வித்தியாசம். அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: யாராவது காலிப்ரேஷன் (அளவு சரிசெய்யும்) பக்கத்தைத் திறந்து ஒரு எண்ணை மாற்றுவார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். மறுநாள் அதே 5 செ.மீ. எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். காரணம், தப்பு எந்திரத்தில் இல்லை, பேஸில் (ஒரே இடத்தில் நின்று எந்திரங்களுக்குத் திருத்தம் அனுப்பும் சாட்டிலைட் நிலையத்தில்) இருந்தது. பேஸைச் சரிசெய்ததும், நாம் மாற்றிய எண்ணே புதுப் பிழையாகிவிட்டது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

பல் நுனி எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கருவி நேரடியாகப் பார்ப்பதில்லை. சாட்டிலைட், பேஸ், ரேடியோ, எந்திரத்தின் இரண்டு ஆன்டெனா, உடல் சாய்வு சென்சார், பூம் (மேல் கை), ஆர்ம் (முன் கை), பக்கெட் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டிக் கணக்குப் போட்டு, கடைசியில் பல்லுக்கு வந்து சேர்கிறது. அப்புறம் அதை, தரை எந்த மட்டத்தில் வர வேண்டும் என்று சொல்லும் டிசைன் ஃபைலோடு ஒப்பிடுகிறது. எந்தக் கண்ணி விட்டுப் போனாலும் ஸ்க்ரீனில் தெரிவது ஒரே மாதிரியான தப்பு எண்தான். ஆனால் அந்தத் தப்புக்கு ஒரு குணம் உண்டு. எல்லா எந்திரத்திலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? கையை நீட்டினால் கூடுகிறதா? திரும்பி நின்றால் திசை மாறுகிறதா? நேரம் போகப் போக வளர்கிறதா? இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதுவரை எந்த எண்ணிலும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒரு ஆணி

எந்திரங்கள் ஓடாத ஓரமாக, அசையாத மண்ணில் ஒரு கான்கிரீட் முளை போட்டு, நடுவில் ஆணி அடித்து, அதன் கிழக்கு, வடக்கு, உயரம் மூன்றையும் சர்வேயரிடம் வாங்கிக் கேபினுக்குள் எழுதி ஒட்டுங்கள். தினமும் காலையில் பக்கெட்டின் நடுப்பல் நுனியை அந்த ஆணித் தலையில் மெதுவாக வைத்து, ஸ்க்ரீன் காட்டும் மூன்று எண்களையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. பிரச்சினை வரும் நாளில் அந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி.

ஆணியைப் பார்த்துச் சொல்லும் ஆள் பக்கெட் எட்டாத தூரத்தில் நிற்கட்டும். பல் ஆணிக்குப் பக்கத்தில் வந்ததும் ஆபரேட்டர் ஹைட்ராலிக் லாக்கைப் போட்டுக் கையை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் கிட்டப் போய்க் குனியலாம். இதில் அவசரம் வேண்டாம்.

உயரத்தில் 2, 3 செ.மீ.க்குள் ஆடினால் அது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு. ஆர்டிகே என்ற, பேஸின் திருத்தத்தோடு இடம் கணக்கிடும் இந்த முறையில் கிடைமட்டத்தைவிட உயரம் எப்போதும் கொஞ்சம் மோசமாகத்தான் வரும். சாட்டிலைட் எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதனால் மேல்கீழ்க் கணக்கைப் பிடித்து நிறுத்தும் வலு குறைவு. அந்த 2 செ.மீ.யைத் துரத்தப் போய்ச் சரியான எந்திரத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

எல்லா எந்திரமும் ஒரே அளவு தப்பு

இரண்டு எந்திரத்தை ஒரே ஆணியில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு விலகினால், எந்திரத்தை விட்டுவிட்டு நேராகப் பேஸுக்கு நடங்கள். முதற்கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

முதல் சந்தேகம் பேஸ் ஆன்டெனா உயரம். டேப்பில் 1.08 மீ. என்று அளந்ததை 1.80 என்று அடித்துவிட்டால், ஆன்டெனா உண்மையைவிட 72 செ.மீ. மேலே இருப்பதாகக் கணக்கு நம்பும். எந்திரங்களும் தாங்கள் 72 செ.மீ. மேலே நிற்பதாக நம்பி, அந்த அளவு ஆழமாகத் தோண்டும். 72 செ.மீ. என்றால் யார் கண்ணிலும் படும். சாய்வாக அளந்த உயரத்தைச் செங்குத்து உயரம் என்று போட்டால் வரும் சில செ.மீ.தான் யார் கண்ணிலும் படாமல் வேலை முடியும்வரை கூடவே வரும். எதுவரை அளந்தோம், ஆன்டெனாவின் அடிவரையா, விளிம்புக் குறிவரையா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, பேஸைத் தெரிந்த புள்ளியில் வைக்காமல், "இங்கேயே" என்ற பட்டனை அழுத்தித் தானாக இடம் பிடிக்க விட்டது. அப்படிப் பிடிக்கும் இடம் மீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். மறுநாள் அழுத்தினால் வேறொரு இடம். "நேற்றுச் சரியாக இருந்தது, இன்று எல்லாம் ஒன்றரை மீட்டர் தள்ளிப்போனது" என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான்.

மூன்றாவது, நேரத்தோடு வளரும் பிழை. ஒரு மண்வேலையில் மூன்று எந்திரங்களும் காலையில் ஆணியில் சரியாக உட்கார்ந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூத்த ஆபரேட்டர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, காலையிலே சரியாத்தான் இருந்துச்சு, இப்போ ஆழமாப் போற மாதிரி கைக்குத் தெரியுது" என்றார். ஸ்க்ரீனில் எந்த எச்சரிக்கையும் இல்லை, எல்லாம் பச்சை. ஆணியில் வைத்துப் பார்த்தோம், மூன்றிலும் 4 செ.மீ. அதிகம் காட்டியது. பேஸுக்குப் போனால் முக்காலியின் ஒரு கால், இரண்டு நாள் முன்பு கொட்டிய நிரப்பு மண்ணில் ஊன்றியிருந்தது. காலின் கூர்முனைக்கு மேலே இருக்கும் மிதிதகடு வரை மண்ணுக்குள் போயிருந்தது. ரசமட்டக் குமிழ் வட்டத்தை விட்டு வெளியே நின்றது. முந்தைய நாள் இரவு தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். பக்கத்தில் உருளை ஓடியிருக்கிறது. பேஸ் இறங்கினால் எந்திரம் தான் ஏறியதாக நினைக்கும், அதனால் ஆழமாக வெட்டும். அந்த அண்ணன் கை சொன்னது சரி. அன்றிலிருந்து நான் பேஸை இரும்புக் குழாய் புதைத்த கான்கிரீட்டில்தான் வைக்கச் சொல்கிறேன். முடியாவிட்டால் மதியம் ஒருமுறை குமிழைப் பார்க்க ஆள் போக வேண்டும்.

பேஸ் பக்கத்தில் யாராவது லாரியையோ தண்ணீர் டேங்கரையோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரும்புப் பரப்பில் பட்டுத் திரும்பும் சாட்டிலைட் சிக்னல் நேர் சிக்னலோடு கலந்து, எல்லா எந்திரத்துக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் கொடுக்கும்.

பேஸில் குறை இல்லை என்றால் ஆஃப்செட்டை, அதாவது டிசைனுக்கு மேலே, கீழே என்று கையால் போடும் எண்ணைப் பாருங்கள். நேற்று அடித்தளத்துக்காக டிசைனுக்குக் கீழே 30 செ.மீ. என்று போட்டதை யாரும் எடுக்கவில்லை. இன்று மேற்பரப்பு வேலை நடக்கிறது. பிழை 10, 15, 30 செ.மீ. என்று முழு எண்ணாக வந்தால் அனேகமாக இதுதான். அளவுப் பிழைகள் இப்படி வட்டமான எண்ணில் வருவதில்லை, மனிதர் போட்ட எண்தான் அப்படி வரும்.

ஒரு எக்ஸ்கவேட்டர் மட்டும் தப்பு

பக்கத்து எந்திரம் ஆணியில் சரியாக உட்கார்கிறது, இது மட்டும் இல்லை. இப்போது இந்த எந்திரத்துக்குள் தேடலாம். மூன்று சோதனை, இந்த வரிசையில்.

முதலில் பக்கெட்டைச் சுருட்டிப் பார்ப்பது. பல் நுனி ஆணித் தலையிலேயே இருக்க, பூமையும் ஆர்மையும் சரிசெய்து பக்கெட்டின் கோணத்தை மட்டும் மாற்றுங்கள். ஒருமுறை பல் நேராகக் கீழே குத்தி நிற்க, மறுமுறை படுத்தாற்போல் இருக்க. நுனி நகரவே இல்லை, ஆனால் ஸ்க்ரீனில் உயரம் மாறுகிறது என்றால், தப்பு பக்கெட்டின் அளவிலோ பக்கெட் சென்சாரிலோதான். பெரும்பாலும் பல் தேய்ந்திருக்கும். பல் 3 செ.மீ. தேய்ந்தால் கருவி இன்னும் பழைய நீளத்தையே நம்பிக்கொண்டிருக்கும். ஸ்க்ரீன் மட்டம் என்று சொல்லும்போது உண்மையான நுனி 3 செ.மீ. மேலே நிற்கும், தரை மேடாக விடுபடும். பல் மாற்றிய அன்று இது தலைகீழாகும்: தேய்ந்த பல்லுக்கு அளவெடுத்து வைத்திருந்தால், புதுப் பல் அதிகமாகத் தோண்டும். அதனால் பல் மாற்றுவதும் பக்கெட் அளவை மறுபடி எடுப்பதும் ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, மாட்டியிருக்கும் பக்கெட்டும் ஸ்க்ரீனில் தேர்ந்தெடுத்திருக்கும் பக்கெட்டும் ஒன்றுதானா, வழிகாட்டும் புள்ளி நடுப்பல்லில் இருக்கிறதா, இடது மூலையிலா என்றும் பாருங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நான் பார்த்த "கருவி கெட்டுப்போச்சு" புகார்களில் இந்த இரண்டும் நிறைய.

அடுத்து எட்டம். அதே ஆணியைக் கிட்ட நின்று ஒருமுறை தொடுங்கள், அப்புறம் எந்திரத்தைப் பின்னே எடுத்துக் கையை முழுக்க நீட்டித் தொடுங்கள். உயரப் பிழை நீட்டத்தோடு கூடினால் கோண சென்சார் ஒன்று தப்பு: உடல் சாய்வு அல்லது பூம், சில நேரம் ஆர்ம். 8 மீ. நீட்டத்தில் 0.1 டிகிரி தப்பு கிட்டத்தட்ட 14 மி.மீ. கொடுக்கும். அரை டிகிரி என்றால் 7 செ.மீ. சென்சாரைக் காலிப்ரேட் செய்யும் முன் அது இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். போல்ட் தளர்ந்த சென்சாரைக் காலிப்ரேட் செய்வது வீண். பாறை உடைக்கும் எந்திரங்களில் அதிர்வு இந்த போல்ட்டுகளைச் சும்மா விடாது.

மூன்றாவது, திரும்பி நிற்பது. ஆணிக்கு வடக்கே நின்று ஒருமுறை, தெற்கே நின்று ஒருமுறை தொடுங்கள். கிடைமட்டப் பிழை இரண்டு தடவையும் ஒரே திசையில் இருந்தால், அது பூமியோடு ஒட்டிய பிழை. பேஸுக்கோ டிசைனுக்கோ திரும்புங்கள். எந்திரத்தோடு சேர்ந்து பிழையும் திரும்பினால், எந்திரத்தின் சொந்தப் பிழை: ஆன்டெனா கம்பம் வளைந்திருக்கலாம், யாரோ ஆன்டெனாவைக் கழற்றிக் கழுவிவிட்டு இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கலாம், எந்திர அளவுகளில் ஒன்று தப்பாக இருக்கலாம்.

மூன்றிலும் பிடிபடாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறதா? மூட்டுகளில் இருக்கும் பின் (ஊசிக்கம்பி), புஷ் (அதைச் சுற்றிய வளையம்) இரண்டும் தேய்ந்திருக்கின்றன. பக்கெட்டைத் தரையில் லேசாக ஊன்றி, ஆர்மை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் மூட்டில் "டக்" என்று ஆட்டம் தெரியும். விரைவு மாட்டியில் (பக்கெட்டைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் பூட்டில்) ஆட்டம் இருந்தாலும் இதே கதைதான். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டோசரிலும் கிரேடரிலும் பல்லுக்குப் பதில் வெட்டுத் தகடு. தேய்மானக் கணக்கு அதேதான், ஆனால் தகடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. இரண்டு மூலையையும் தனித்தனியாக ஆணியில் வைத்துப் பாருங்கள்.

ஃபிக்ஸ் வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது

ஸ்க்ரீன் காட்டும் சாட்டிலைட் நிலையில், ஃபிக்ஸ் என்றால் செ.மீ. துல்லியம். ஃப்ளோட் என்றால் பல பத்து செ.மீ. வரை தள்ளிப் போகலாம். ஃப்ளோட்டில் மண் அள்ளிப் போடலாம், மட்டம் முடிக்கக் கூடாது. சில ஆபரேட்டர்கள் எண் வந்துகொண்டிருக்கிறதே என்று ஓட்டிவிடுகிறார்கள். எண் வருவது வேறு, நம்பத்தக்க எண் வருவது வேறு.

ஸ்க்ரீனில் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை சாட்டிலைட், பேஸிலிருந்து கடைசியாக வந்த திருத்தச் செய்தியின் வயது எவ்வளவு. சாட்டிலைட் நிறைய இருந்து, வயது மட்டும் 1, 2 நொடியிலிருந்து 10, 20, 60 என்று ஏறிக்கொண்டே போனால் வானத்தில் குறை இல்லை. பேஸிலிருந்து செய்தி வரவில்லை. எந்திரம் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் இறங்கும்போது மட்டும் இப்படி ஆனால், மேடு ரேடியோவை மறைக்கிறது. பேஸின் ரேடியோ ஆன்டெனாவை உயர்த்துங்கள், அல்லது இடையில் ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வையுங்கள். ரேடியோவின் வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை இரண்டு மீட்டர் தூக்குவது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும்போது முதலில் ரேடியோவை அணையுங்கள். ஆன்டெனா இல்லாமல் ரேடியோவை அனுப்ப விட்டால் அதன் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம்.

எங்கே நின்றாலும் செய்தியே இல்லை என்றால் சேனல், காற்றுவழி வேகம் (ரேடியோ தகவல் அனுப்பும் வேகம்), செய்தி வடிவம் மூன்றும் இரு பக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் ரேடியோ விளக்கு மினுங்கும், எந்திரம் எதையும் புரிந்துகொள்ளாது. மொபைல் இன்டர்நெட் வழியாகத் திருத்தம் வாங்குபவர்கள் சிம்மில் டேட்டா இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அப்புறம், ஒரே கடவுச்சொல்லில் இரண்டு எந்திரம் நுழைய முயல்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஏறினால் மற்றது விழும். இணைப்பு மாறி மாறி அறுவது போலத் தெரியும்.

வயது சரியாக இருந்து சாட்டிலைட் குறைந்தால் மேலே பாருங்கள். மரம், கட்டடம், கிரேன் கை, செங்குத்தான வெட்டுச் சுவர். பள்ளத்தின் அடியில் சுவரை ஒட்டி வேலை செய்யும்போது பாதி வானம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. பூமத்தியரேகையை ஒட்டிய நாடுகளில் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் அயனமண்டலம் (சிக்னல் கடந்து வரும், மின்னேற்றம் உள்ள மேல் காற்றடுக்கு) கலங்கி, ஃபிக்ஸ் விழுந்து விழுந்து எழும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகம். சூரியப் புயல் வந்தால் மற்ற இடங்களிலும் இதே நிலைதான்: 2024 மே 10 அன்று வந்த புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்களே தடுமாறின. எல்லா எந்திரமும் ஒரே நேரத்தில் ஃபிக்ஸ் இழந்து, பேஸிலும் ரேடியோவிலும் குறை இல்லை என்றால், கேபிளைக் கழற்றி மாட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கரடு வேலைக்கு மாறி, மட்ட வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள்.

ஒரு முனையில் சரி, மறுமுனையில் தப்பு

ஆணியில் எல்லாம் சரி, ஆனால் போகப் போக விலகுகிறது. இது சைட் காலிப்ரேஷன், அதாவது சாட்டிலைட் கணக்கை வேலைத்தளத்தின் அளவுகளோடு பொருத்துவது சம்பந்தப்பட்டது. சர்வேயர் எடுத்த கண்ட்ரோல் பாயின்டுகள் (இடமும் உயரமும் தெரிந்த புள்ளிகள்) எல்லாம் ஒரே ஓரத்தில் இருந்தால், அந்தப் பக்கம் பிடித்த பலகையின் மறுபக்கம் தொங்குவது போல உயரத் தளம் சாய்ந்துவிடும். புள்ளிகள் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வளைத்து நிற்க வேண்டும். அவற்றுக்கு வெளியே போகப் போக நம்பிக்கை குறையும்.

கிடைமட்டத்தில் தூரத்துக்கேற்ப ஒரே விகிதத்தில் விலகினால், வரைபடக் கட்டத் தூரத்தையும் தரைத் தூரத்தையும் குழப்பியிருக்கிறார்கள். யுடிஎம் என்ற வரைபடக் கட்டத்தின் நடுக்கோட்டில் அளவு விகிதம் 0.9996; 1 கி.மீ.க்கு 40 செ.மீ. வித்தியாசம். அடிக்கணக்கில் வரும் ஃபைல்களில் இன்னொரு கண்ணி உண்டு. அமெரிக்க சர்வே அடிக்கும் சர்வதேச அடிக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்குதான், ஆனால் கட்ட ஆயம் (கிழக்கு, வடக்கு எண்) 500 கி.மீ. அளவில் இருந்தால் அது 1 மீ. ஆகிவிடும். அமெரிக்காவில் சர்வே அடியை 2022 இறுதியோடு கைவிட்டுவிட்டார்கள் என்றாலும் பழைய ஃபைல்கள் இன்னும் சுற்றுகின்றன. இதை ஆபரேட்டர் சரிசெய்ய வேண்டாம். எண்களோடு சர்வேயரிடம் சொல்லுங்கள்.

டிசைனே தெரியவில்லை, அல்லது எண் திடீரென்று குதிக்கிறது

தெரியவில்லை என்றால் கிழக்கும் வடக்கும் இடம் மாறியிருக்கும், அல்லது எந்திரம் ஃபைலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. குதிக்கிறது என்றால், டிசைன் தரையை முக்கோணங்களாக இணைத்துக் காட்டும் முக்கோணப் பரப்பில் கோளாறு: சரிவின் விளிம்புக் கோட்டை வரைந்தவர் விட்டுவிட்டால், முக்கோணங்கள் விளிம்பைக் குறுக்கே தாண்டி இல்லாத மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கும். குதிக்கும் இடத்தின் ஆயங்களைக் குறித்து அனுப்புங்கள். ஃபைலின் பெயரில் தேதி இருக்கிறதா, கையில் உள்ள வரைபடத்தின் திருத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். புதைந்து கிடக்கும் கேபிளும் குழாயும் டிசைன் ஃபைலில் இருக்கும் என்று நம்பவே நம்பாதீர்கள். அவற்றுக்குத் தனியாக அனுமதியும் தேடலும் வேண்டும்.

ஆட்டோவில் பிளேடு அலையடிக்கிறது

டோசர் போன தடத்தில் சிற்றலை மாதிரி வரிகள். முதலில் ஆட்டோவை (கருவியே பிளேடை ஏற்றி இறக்கும் நிலையை) அணைத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அலை வந்தால் பிளேடு மூட்டுகளில் ஆட்டம், அல்லது ஏற்கெனவே இருக்கும் அலைமேல் எந்திரம் ஏறி இறங்குகிறது. பழைய அலைக்குக் கோணலாக ஒருமுறை வெட்டி, சமதளத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஆட்டோவில் மட்டும் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். சரியாகிவிட்டால், அந்த வேகத்துக்கு வால்வின் பதில் போதவில்லை. அப்படியும் போகவில்லை என்றால் வால்வின் உணர்திறன் அதிகம்: பிளேடு இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஒவ்வொரு படியாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வால்வு காலிப்ரேஷனை ஹைட்ராலிக் எண்ணெய் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த, கெட்டியான எண்ணெயில் எடுத்த அளவு, மதியம் எண்ணெய் இளகியதும் பிளேடைத் துள்ள வைக்கும். இந்த ஒரு தப்பால் நாள் கணக்கில் வேலை கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

லேசர் வைத்திருக்கிறோம், தூரத்தில் தப்பாகிறது

சாட்டிலைட்டுக்குப் பதில் மட்டம் காட்டும் சுழல் லேசர் 10 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) சாய்ந்திருந்தாலே 100 மீ.க்கு 5 மி.மீ. போகும். நான்கு திசையிலும் ஒரே தூரத்தில் ஸ்டாஃப் வைத்துப் பாருங்கள். எதிரெதிர் திசைகளில் ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் சாய்வு. தரைச்சூட்டில் காற்று நடுங்கும் மதிய நேரத்தில் தூரத்து அளவைக் குறையுங்கள்.

ஸ்க்ரீன் அணைந்து எரிகிறது, சென்சார் "காணோம்" என்கிறது

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்க்ரீன் அணைந்தால் பேட்டரி வோல்டேஜ் விழுகிறது. 24 வோல்ட் எந்திரத்தில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்க்ரீன் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். எர்த் இணைப்பின் துருவையும் சுரண்டுங்கள்.

எல்லா சென்சாரும் ஒன்றாகக் காணாமல் போனால் கேன் கேபிள் (சென்சார்களையெல்லாம் ஸ்க்ரீனோடு இணைக்கும் தகவல் கேபிள்). மின்சாரத்தை முழுக்க அணைத்துவிட்டு, அதன் இரண்டு தகவல் கம்பிகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் முடிப்பான் (முனையில் மாட்டும் மின்தடை) இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது அல்லது கம்பி நடுவில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது முடிப்பானை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ உரசிக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு சென்சார் மட்டும் பூமைத் தூக்கும்போது போய், இறக்கும்போது திரும்பினால், மூட்டைக் கடக்கும் இடத்தில் கேபிள் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. வெளித்தோல் நன்றாகவே இருக்கும், கண்ணால் தெரியாது. ஒருவர் பூமை அசைக்கும்போது இன்னொருவர் கேபினில் ஸ்க்ரீனைப் பார்த்தால் எந்த மூட்டு என்று பிடித்துவிடலாம். பக்கெட்டில் வெல்டிங் செய்த மறுநாள் ஒரு சென்சார் செத்துப்போனால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை: வெல்டிங்குக்கு முன் சென்சார்களையும் ஸ்க்ரீனையும் கழற்றி வைக்க வேண்டும், எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். புதுக் கேபிள் போடும்போது பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் முழுக்க நீட்டி வைத்து, அந்த நிலையில் மூட்டுக்கு மூட்டு கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் பழையபடி ஆணிக்குப் போய்ப் பல்லை வைத்து, மூன்று எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.